மஸ்கட்டில் இருக்கிறான்

கராச்சி
14.07.2024

அன்புத் தங்கை சஃப்னாவுக்கு உன் காக்கா ஜக்கரியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

உம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? நீ இன்னும் கருங்கல்லில் அதே பள்ளிக்கூடத்தில்தானே டீச்சராக இருக்கிறாய்? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. ரொட்டி, பருப்பு. வெள்ளிக்கிழமை சோறு. மீன் மட்டும் கிடையாது. மீன் பிடிக்க வந்து மாட்டியவனுக்கு மீன் தரக்கூடாது என்பது இந்த இடத்து நியாயம் போலிருக்கிறது.

கடிதம் எழுதலாம் என்று இப்போதுதான் சொன்னார்கள். நாங்கள் பிடிபட்ட விஷயத்தை குஜராத் வெராவலில் இருந்து போட் முதலாளி உனக்குப் போனில் சொல்லியிருப்பார். கடலில் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று எங்களுக்கும் தெரியாது, பிடிக்க வந்தவனுக்கும் தெரியாது. அவன் கையில் துப்பாக்கி இருந்ததால் அவன் சொன்ன இடத்தில் கோடு இருந்தது. ஆற்றுக்கு அக்கரை ரிஜோவும் என்னோடுதான் இருக்கிறான். மற்றவர்கள் குஜராத்துக்காரர்கள்.

கோர்ட் கொடுத்த தண்டனை முடிந்துவிட்டது. ஆனாலும் விட மாட்டார்கள். நான் இந்தியன்தான் என்று நம் அரசாங்கம் எழுத்தில் சொல்ல வேண்டும். போன மாதம் நம் தூதரகத்து ஆட்கள் வந்து என் பெயர், வாப்பா பெயர், வீட்டு விலாசம் எல்லாம் எழுதிக்கொண்டு போனார்கள். இனி நம் வீட்டுக்குப் போலீஸ் வந்து விசாரிக்கும். எங்கள் பிள்ளைதான், அங்கேதான் இருக்கிறான் என்று நீங்கள் சொன்னால் போதும். வேறு ஒன்றும் வேண்டாம்.

நாங்கள் எழுதுவதை வாசித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். தமிழ் வாசிக்க ஆளுக்கு எங்கே போவார்கள் என்று நினைத்தேன். இருக்கிறார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். நாங்கள் ரீடர் என்று கூப்பிடுவோம். ரீடர் அய்யாவுக்கு இந்த இடத்தில் ஒரு சலாம் எழுதுகிறேன். வாசிக்கும்போது தலையாட்டுவார்.

ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள்? எழுது.

உன் காக்கா
ஜக்கரியா


தேங்காப்பட்டணம்
02.09.2024

அன்புள்ள காக்காவுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. போஸ்ட்மேன் ஸ்டாம்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். உம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். "மீன் இல்லாம எப்படிடீ சோறு எறங்கும் அவனுக்கு?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. முட்டுவலி அப்படியேதான். எண்ணெய் போடுகிறேன்.

ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டிருக்கிறாய். ஒன்றும் பேசவில்லை, ஏனென்றால் நாங்கள் சொல்லவில்லை. நீ மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டாய் என்று சொல்லியிருக்கிறோம்.

கோபப்படாமல் யோசித்துப் பார். ரிஜோவுக்காகப் பாலத்துக்குப் பக்கத்தில் பிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். 'பாகிஸ்தான் சிறையில் வாடும் எங்கள் மகனை மீட்டுத் தருக' என்று பெரிய எழுத்து. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவனுக்காக ஜெபம். பாதிரியார் முன்னால் போக, வேன் பிடித்து நாகர்கோவில் கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு கொடுத்தார்கள். டி.வி.யில்கூட வந்தது. நல்லது, அவனுக்கு அது நடக்கட்டும். ஆனால் ஜக்கரியா என்ற பெயரையும் பாகிஸ்தான் என்ற பெயரையும் ஒரே பிளெக்ஸில் போட்டுப் பார். பிடிபட்டானா, போனானா என்று ஒருத்தன் கேட்டால் போதும். மிச்சத்தை எல்லாரும் கேட்பார்கள். நான் இல்லாததைச் சொல்லவில்லை. கிரிக்கெட் நடக்கிற அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் ஸ்கோரைப் பார்த்துவிட்டு என் முகத்தையும் ஒரு தடவை பார்க்கிறார்கள். இந்த லட்சணத்தில் நான் போய் மைக் பிடித்து என் அண்ணன் அங்கே இருக்கிறான் என்று அழ வேண்டுமா?

உம்மாவுக்குப் பொய் வராது. பிள்ளைகளுக்குச் செய்யுள் பழக்குவது போல நான்தான் பழக்கினேன். "மோன் எங்க?" என்று கேட்பேன். "மஸ்கட்டுல, கம்பெனில" என்பாள். "எந்தக் கம்பெனி?" "பேரு வாயில வராது மோளே." இந்த இரண்டாவது பதில் அவளே சேர்த்தது. நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு விஷயம். கோட்டாறில் இருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. முகம்மது மீரான் என்று பெயர். ரயில்வேயில் வேலை. அவர்களிடமும் நீ மஸ்கட்டில் என்றுதான் சொல்லியிருக்கிறோம்.

நேரத்துக்குத் தூங்கு. வெந்நீர் கிடைத்தால் குடி.

சஃப்னா


கராச்சி
20.10.2024

மஸ்கட்டில் இருந்து உன் காக்கா எழுதுவது. ஸலாம். உம்மாவும் நீயும் சுகம் என்று நம்புகிறேன். நானும் சுகம்.

எனக்கு என்ன சம்பளம் என்று நீ எழுதவே இல்லையே. லீவு எப்போது? உன் கடிதத்தை ரிஜோவுக்கு வாசித்துக் காட்டினேன். "லே மக்கா, அந்தக் கம்பெனில எனக்கும் ஒரு விசா எடுத்துத் தா" என்று இரண்டு நாளாகப் படுத்துகிறான். ரீடர் அய்யாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கடிதத்தைக் கையில் கொடுத்தார்.

கோபம் இல்லை சஃப்னா. கொஞ்சம் வெட்கமாக இருந்தது. நீ மறைத்ததற்காக அல்ல. மறைக்க வேண்டிய ஆளாக ஆகிவிட்டேனே என்று.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். ரிஜோ வீட்டில் விசாரணை முடிந்துவிட்டது. அக்கரைக்கு வந்தவர்கள் இக்கரைக்கும் வருவார்கள். ஆனால் போலீஸ் உடுப்பில் வர மாட்டார்கள். ரிஜோ வீட்டுக்குச் சாதாரணச் சட்டையில், ஒரு ஆள், பைக்கில் வந்தாராம். யாரோ சீட்டுக் காசு பிரிக்க வந்தவர் என்று நினைத்து அவன் அம்மா முதலில் கதவையே திறக்கவில்லையாம். அப்படி வருகிறவரிடம் மட்டும் மஸ்கட் வேண்டாம். உம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவை.

நம் ஆட்கள் இங்கே இருப்பதுபோல இவர்கள் ஆட்களும் நம் ஊர்ச் சிறைகளில் இருக்கிறார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை இரண்டு பக்கமும் பட்டியலை மாற்றிக்கொள்கிறார்கள். பட்டியலில் பெயர் இருந்து, வீட்டு விசாரணையும் சரியாக இருந்தால், இரண்டு அரசாங்கமும் முகம் கொடுத்துப் பேசுகிற நேரமாகப் பார்த்து ஒரு கூட்டத்தை விடுவார்கள். இங்கே ஒரு குஜராத்திப் பெரியவர் இருக்கிறார். மூன்றாவது தடவையாகப் பிடிபட்டவர். காலையில் எழுந்ததும் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்பார்: மேலே இருக்கிறவர்கள் இன்றைக்குச் சேர்ந்து சாயா குடித்தார்களா?

கோட்டாறு மாப்பிள்ளை எப்படி? மீன் தின்பானா?

காக்கா


தேங்காப்பட்டணம்
05.12.2024

அன்புள்ள காக்காவுக்கு, ஸலாம். நாங்கள் இருவரும் நலம். அங்கே குளிர் தொடங்கியிருக்கும். போர்வை கொடுக்கிறார்களா?

உன் கடிதம் முந்தாநாள் கைக்கு வந்தது. அக்டோபரில் நீ எழுதியது.

போன வாரம் ஒருவர் வீட்டுக்கு வந்தாராம். நான் பள்ளியில் இருந்தேன். உன்னைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனதாக உம்மா சொன்னாள். உம்மா பதில் சொல்லியிருக்கிறாள்.

கோட்டாறு சம்பந்தம் முடிவாகிவிட்டது. மே பதினொன்று நிக்காஹ். மாப்பிள்ளை பேச்சு குறைவு. மீன் தின்பார். பள்ளியில் குடியரசு தினத்துக்குப் பட்டிமன்றம் வைக்கிறார்கள், என்னையும் சேர்த்திருக்கிறார்கள். பரீட்சைத் தாள்கள் குவிந்து கிடக்கின்றன. அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

சஃப்னா


கராச்சி
12.01.2025

அன்புத் தங்கைக்கு, ஸலாம். நிக்காஹ் செய்தி கேட்டு சந்தோஷம். வார்டனுக்குச் சொன்னேன். ரேவடி என்று ஒரு எள்ளு மிட்டாய் வாங்கித் தந்தார். எங்கள் அறையில் எல்லோரும் உன் பெயரைச் சொல்லித் தின்றோம். உம்மாவின் முட்டு எப்படி?

உம்மா பதில் சொல்லியிருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். என்ன பதில் என்று எழுதவில்லை.

நேற்று தூதரகத்து ஆள் வந்தார். ரிஜோ பெயர் சரியாகிவிட்டது, அடுத்த கூட்டத்தில் அவன் போவான். என் முறை வந்தபோது அவர் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அந்த விலாசத்தில் உள்ள ஜக்கரியா ஓமன் நாட்டில் வேலையில் இருக்கிறார், தாயே அப்படிச் சொன்னார் என்று பதில் வந்திருக்கிறதாம். "அப்படியானால் நீ யார்?" என்று என்னிடம் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

உம்மாவைத் திட்டாதே. அவள் படித்ததைச் சரியாகத்தான் ஒப்பித்திருக்கிறாள்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். நாகர்கோவிலில் எஸ்.பி. ஆபீசுக்குப் போய், சொன்னது தப்பு, அவன் மஸ்கட்டில் இல்லை, கராச்சி ஜெயிலில்தான் இருக்கிறான் என்று ஒரு மனு எழுதிக் கொடு. உன் கையெழுத்து அழகு. அரை நாள் வேலை. எந்த நாட்டுக்காரன் என்று தெரியாத ஆளை எந்தப் பட்டியலிலும் சேர்க்க மாட்டார்கள் சஃப்னா. அப்படிப்பட்டவர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடிதம் வராது.

உடம்புக்கு ஒன்றுமில்லை. கொஞ்சம் சளி.

காக்கா


தேங்காப்பட்டணம்
16.02.2025

அன்புள்ள காக்காவுக்கு, ஸலாம். சளிக்கு மருந்து கேட்டு வாங்கு. அலட்சியமாக இருக்காதே. உம்மா நலம்.

உம்மா என்ன சொன்னாள் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். எழுதக் கை வரவில்லை. வந்தவருக்குச் சாயா போட்டுக் கொடுத்து, மஸ்கட்டுல, கம்பெனில என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். நான் வீட்டுக்குள் நுழைந்ததும், "ஒருத்தரு வந்தாரு மோளே, ஒரு தெத்தும் இல்லாம, நீ படிச்சுத் தந்தபடியே சொல்லிட்டேன்" என்றாள். முகமெல்லாம் சந்தோஷம். 

மனு எழுதி வைத்திருக்கிறேன். கொடுக்கவில்லை. கொடுத்தால் மறுபடியும் விசாரணை வரும். அக்கம்பக்கம் கேட்பார்கள். கோட்டாறு வரைக்கும் போகும். மாப்பிள்ளை மத்திய அரசு வேலை. மச்சான் பாகிஸ்தான் ஜெயிலில் என்றால் அவர் வேலைக்கு என்ன ஆகும் என்று அவர்கள் வீட்டில் யோசிக்க மாட்டார்களா? உனக்குத் தெரியும், இது எனக்கு வந்த மூன்றாவது சம்பந்தம். முதல் இரண்டும் ஏன் போயின என்றும் உனக்குத் தெரியும். கூலிக்குக் கடலில் போகிறவன் வீட்டுப் பெண்ணுக்கு டீச்சர் உத்தியோகம் மட்டும் போதவில்லை.

மே பதினொன்று வரை மட்டும் பொறு காக்கா. அதற்கு மறுநாள் நானே போகிறேன்.

எழுதும்போதே அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

பட்டிமன்றம் நடந்தது. பரவாயில்லை.

சஃப்னா


கராச்சி
20.03.2025

அன்புத் தங்கைக்கு, ஸலாம். நோன்பு எப்படிப் போகிறது? இங்கேயும் நோன்புதான். நோன்பு திறக்க இரண்டு பேரீச்சம்பழம் தருகிறார்கள், நல்ல பழம்.

ரிஜோ போய்விட்டான். போகும்போது என் கைலி ஒன்றை எடுத்துக்கொண்டு போனான், உம்மாவிடம் கொடுப்பதாகச் சொல்லி. இப்போது தமிழ் பேச ரீடர் அய்யா மட்டும்தான், அவர் வருகிற நாட்களில்.

ரீடருக்குத் தமிழ்ப் பட்டிமன்றம் என்றால் உயிர். தினமும் போனில் ஒன்று கேட்டுவிட்டுத்தான் தூங்குவாராம். நம் கடிதங்களை வாசித்து வாசித்து உன் பெயரும் கருங்கல்லும் அவருக்குப் பாடமாகிவிட்டது. போன வாரம் என்னைக் கூப்பிட்டு, போனில் ஒரு வீடியோவைக் காட்டி, "இது உன் தங்கச்சியா பாரு" என்றார். நீதான். உம்மாவின் பச்சைத் தட்டத்தைத் தலையில் போட்டிருந்தாய். பின்னால் பேனரில் 'பகை நாட்டைத் திருத்துவது பேச்சா, விலக்கா' என்று எழுதியிருந்தது. நீ விலக்கே என்று பேசினாய்.

நன்றாகப் பேசினாய். எங்கும் தடுக்கவில்லை. பேசப் பேசத்தான் அவனுக்கு நாக்கு நீளும், கதவைச் சாத்துங்கள், வெளியே நிற்கிற நாய் எத்தனை நாளைக்குக் குரைக்கும் என்றாயே, அந்த இடத்தில் கைதட்டல் அடங்கவே இல்லை. ரீடரும் சிரித்துவிட்டார். பின்னுக்கு ஓட்டி அந்த இடத்தை இன்னொரு தடவை வைத்தார். அப்புறம் நான் பக்கத்தில் நிற்பது ஞாபகம் வந்ததுபோல போனை அணைத்துவிட்டார்.

மெலிந்திருக்கிறாய். கல்யாணப் பெண், நேரத்துக்குச் சாப்பிடு.

மே பதினொன்று வரைக்கும் பொறுக்கிறேன்.

காக்கா


தேங்காப்பட்டணம்
20.04.2025

காக்கா,

ஸலாம் சொல்லித் தொடங்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்தத் தடவை சடங்குக்காகக் கேட்கவில்லை. ரிஜோ வந்திருந்தான்.

முதலில் பட்டிமன்றம். அணி பிரிக்கும்போது எங்கள் ஹெச்.எம். பெமிலா டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சஃப்னா, நீ விலக்குப் பக்கம் பேசு. ஒன் வாயில வந்தா அதுக்கொரு வெயிட்டு இருக்கும் பாத்தியா" என்றார். அந்த வெயிட் என்ன என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேறு எந்த டீச்சரும் தான் இந்த நாட்டுக்காரி என்று மேடையில் ஏறி நிரூபிக்க வேண்டியதில்லை. ஆத்திரமாக வந்தது. ஆனால் சரி என்றேன். அதோடு நின்றிருந்தால் வற்புறுத்தினார்கள் என்று உனக்கு எழுதியிருப்பேன். அந்த நாய் வாக்கியத்தை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. பஸ்ஸில் போகும்போது நானே யோசித்தேன். நல்ல வாக்கியம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். கைதட்டும்போது நீ ஞாபகத்துக்கு வரவே இல்லை காக்கா. ஒரு நொடிகூட. அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் என் டிபன் பாக்ஸில் இருந்து எடுத்துத் தின்றார்கள்.

ரிஜோ போன மாதம் வந்தான். அவன் ஊரில் செண்டை மேளம் வைத்து, மாலை போட்டு, வேனில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த மாலைகளில் ஒன்றோடுதான் நம் வீட்டுக்கு வந்தான். உன் கைலியை உம்மாவின் கையில் கொடுத்தான். உம்மா அவனைத் தடவித் தடவிப் பார்த்தாள். அவன் என் பக்கம் திரும்பினான்.

"ஏட்டி, நீ டீச்சர்தானா?"

"ஆமா."

"நாகர்கோவிலுக்கு ஒரு நாளு போவ ஒனக்கு பஸ் கெடைக்கலியா?"

 உம்மா அடுக்களைக்குப் போனதும் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "அவன் எழுதமாட்டான். சளின்னு எழுதியிருப்பான். இருமுனா ரத்தம் வருது. ராத்திரி ஒக்காந்துதான் கெடக்கான். நானாக்கும் முதுகு தடவுவேன். இப்போ நானும் இங்க வந்தாச்சு."

சாயாவை அப்படியே வைத்துவிட்டுப் போனான். அதற்கு அப்புறமும் நான் போகவில்லை. மே பதினொன்று, மே பதினொன்று என்றே இருந்தேன். நேற்று உன் கடிதம் வந்தது. நீ என்னைத் திட்டியிருக்கலாம். சாப்பிடு என்று எழுதியிருக்கிறாய்.

நிக்காஹ் நின்றாலும் நிற்கட்டும். வரும் புதன்கிழமை லீவு போட்டிருக்கிறேன். மனுவை எடுத்துக்கொண்டு நாகர்கோவில் போகிறேன். மருத்துவரைக் காட்டச் சொல்லி அங்கே சத்தம் போடு. வெட்கப்படாதே. வெட்கப்படுவதை நம் வீட்டில் நான் ஒருத்தி செய்தது போதும்.

சஃப்னா


கோட்டாறு
24.08.2025

அன்புள்ள காக்காவுக்கு, ஸலாம்.

இதைக் கவர் பிரித்து முதலில் வாசிக்கப்போகிற பெரியவருக்கும் ஸலாம். அய்யா, நான் மேடையில் சொன்னதை நீங்கள் கேட்டீர்கள். உங்களுக்குச் சிரிப்பு வந்ததாகக் காக்கா எழுதினான். எனக்கு இப்போது அதைக் கேட்க முடியவில்லை. தயவுசெய்து இதை அவனிடம் சேர்த்துவிடுங்கள். அவன் எங்கே படுத்திருந்தாலும்.

ஏப்ரலில் நான் எழுதிய கடிதம் ஜூனில் என்னிடமே திரும்பி வந்தது. அந்த நாட்டுக்குத் தபால் நிறுத்தம் என்று முத்திரை. அதையும் இதற்குள் வைத்திருக்கிறேன். மாமி மகன் ஷானவாஸ் நிஜமாகவே மஸ்கட்டில் இருக்கிறான். இரண்டையும் அவனுக்கு அனுப்பி, அங்கிருந்து உனக்குப் போடச் சொல்லியிருக்கிறேன். வந்து சேருமா என்று தெரியாது. உன்னிடம் இருந்து மார்ச்சுக்குப் பிறகு ஒரு வரி இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது காக்கா?

சொன்னபடி புதன்கிழமை நாகர்கோவில் போனேன். அதற்கு முந்தின நாள்தான் காஷ்மீரில் சுற்றுலாப் போனவர்களைப் பெயர் கேட்டுச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். பஸ் முழுக்க அதே பேச்சு. எனக்கு முன்சீட்டில் ஒருவர், "இனி அவனுவகிட்ட என்ன பேச்சு வேண்டிக் கெடக்கு?" என்றார். பக்கத்தில் இருந்தவர் என் பட்டிமன்ற வீடியோவைத்தான் போனில் வைத்துக் காட்டினார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எஸ்.பி. ஆபீஸ் கேட் வரை போனேன். உள்ளே போகவில்லை. வெளியே கரும்புச் சாறு குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

அப்புறம் எல்லை மூடினார்கள். சண்டை நடந்தது. சண்டை நிறுத்தியதாக அறிவித்த மறுநாள் என் நிக்காஹ். நான் உன்னிடம் கேட்டு வாங்கிய மே பதினொன்று எனக்குக் கிடைத்தது. பிரியாணி நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

நிக்காஹ் முடிந்து இரண்டு மூன்று நாள் இருக்கும். இவர் சாதாரணமாகக் கேட்டார், "ஒங்க காக்காட்ட இருந்து ஏதாவது வெவரம் உண்டுமா?"

"மஸ்கட்டுல..." என்று தொடங்கினேன்.

"சஃப்னா, ரிஜோவும் ஜக்கரியாவும் ஒரே போட்டுல போனவங்கன்னு குளச்சல் வரைக்கும் தெரியும். பொண்ணு பாக்க வரும்போதே எங்க வாப்பாவுக்குத் தெரியும். நீயாச் சொல்லுவேன்னு இருந்தோம்."

நான் எதற்காக உன்னைப் பொறுக்கச் சொன்னேனோ, அது இல்லவே இல்லை. ஊருக்கே தெரிந்திருக்கிறது. நாம் மறைக்கிறோம் என்பதால் மரியாதைக்குக் கேட்காமல் இருந்திருக்கிறார்கள். பிளெக்ஸ் வைக்கச் சொல்லியிருந்தால் வைத்திருப்பார்களா என்று தெரியாது. நான் கேட்டுப் பார்க்கவில்லை. அவர்கள் என்ன சொல்வார்கள் என்று நானே முடிவு செய்து, நானே கதவைச் சாத்தினேன்.

ஜூன் மாதம் இவரையும் கூட்டிக்கொண்டு போய் மனு கொடுத்தேன். வாங்கி வைத்தவர், "இப்போ அங்க பேச ஆளு யாரும்மா இருக்கா? தூதரகத்துலயே பாதிப் பேரைத் திருப்பி அனுப்பியாச்சு" என்றார். பிப்ரவரியில் கொடுத்திருந்தால் பேச ஆள் இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. எனக்குத்தான் காதில் விழுந்தது.

மே மாதம் ஒருவர்மேல் ஒருவர் குண்டு போட்டவர்கள், ஜூலை ஒன்றாம் தேதி வழக்கம்போலக் கைதிகள் பட்டியலை மாற்றிக்கொண்டார்கள். பேப்பரில் நான்கு வரிச் செய்தி. இரண்டு தடவை வாசித்தேன். அடித்துக்கொள்கிற நாடுகளுக்கு இருக்கிற வழக்கம்கூட நம் வீட்டில் இல்லை.

போன வியாழக்கிழமை மறு விசாரணை வந்தது. ஞானசிங் என்று ஒரு ஏட்டு. முதல் தடவை வந்தவரும் இவர்தான். தகவல் தெரிந்து நான் முந்தின நாளே உம்மாவிடம் போய், என்ன சொல்ல வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

"உம்மா, ஜக்கரியா ஒங்களுக்கு யாரு?"

"எம் மோன்."

"இப்போ எங்க இருக்காரு?"

உம்மா அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "மஸ்கட்டுல, கம்பெனில" என்றாள். அவர் எழுதாமல் இருப்பதைப் பார்த்து, "பேரு வாயில வராது" என்று சேர்த்தாள்.

நான் சொன்னேன், "இல்ல சார். பாகிஸ்தான்ல ஜெயில்ல இருக்கான். மீன் பிடிக்கப் போன எடத்துல பிடிச்சிட்டாவ. எங்க காக்கா." சத்தமாகத்தான் சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கம் பிரிஜா அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

"அப்போ மொதல்ல ஏன் மஸ்கட்டுன்னு சொன்னிய? காரணம் எழுதித் தரணும்" என்று ஏட்டு தாளை நீட்டினார். பயம் என்று எழுதினேன். பயம் என்றால் யாரும் மன்னித்துவிடுவார்கள். அதனால் அடித்துவிட்டு, வெட்கம் என்று எழுதினேன்.

அவர் வாசித்துப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார். "இப்படி எழுதுனா மேல போவாது மோளே. தாயிக்கு வயசாயிட்டு, காது சரியா கேக்காது, நான் கேட்டது வெளங்கலன்னு எழுது. காரியம் நடக்கட்டும்."

உம்மாவின் காதுக்கு ஒன்றும் இல்லை. காற்றடிக்கும் நாளில்கூட மீன்காரன் பாலத்தில் ஹாரன் அடிப்பது அவளுக்குத்தான் முதலில் கேட்கும். ஏட்டு சொன்னபடியே எழுதினேன். கீழே உம்மா கையெழுத்துப் போட்டாள், ஒவ்வொரு எழுத்தாக. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை.

பைக் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்தத் தடவையும் நான் தெத்தாச் சொல்லலியே மோளே?"

"இல்ல உம்மா. சரியாத்தான் சொன்னே" என்றேன்.

சஃப்னா